கால் புண் ஆறுமா? ரத்த ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

நிபோங் திபாலில் பெரியவர்கள் பலர் இதை இன்னும் ‘இனிப்பு நீர்’ என்றுதான் சொல்வார்கள். அப்பாவின் காலில் ஒரு மாதமாக ஆறாத புண் என்று வைத்துக்கொள்வோம். கிளினிக்கில் ரத்தம் எடுத்து ரிப்போர்ட்டைக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் அந்தத் தாள் உங்கள் கையில்தான் வந்து சேரும். “இதுல என்னடா போட்டிருக்கு, புண்ணு ஆறுமா ஆறாதா?”

அபூர்வமான கேள்வி இல்லை இது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களில் 31.4 விழுக்காடு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விகிதம் 15.6-க்கு இறங்கியது.

ரிப்போர்ட்டில் எல்லாரும் முதலில் தேடுவது எச்பிஏ1சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அது. 7-க்குக் கீழே இருந்தால் நிம்மதிதான். ஆனால் இந்த எண்ணுக்கும் புண் ஆறும் வேகத்துக்கும் உள்ள தொடர்பில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்பையும் சிறுநீரகத்தையும் காக்கும், அதை விடக்கூடாது. ஆனால் எண் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் புண்ணை மறந்துவிடவும் கூடாது.

சிஆர்பி வேறு ரகம். தொற்று வந்தால் சில மணி நேரத்திலேயே ஏறும். மருந்து வேலை செய்தால் சில நாளில் இறங்கும். இஎஸ்ஆர் மெதுவாக நகரும். அது 70-ஐத் தாண்டினால் எலும்புவரை தொற்று போயிருக்குமோ என்று டாக்டர் யோசிப்பார். எக்ஸ்ரே, எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லலாம்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பாதத்தில் மோசமான தொற்று இருந்தும் வெள்ளை அணு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கலாம், காய்ச்சலும் வராமல் போகலாம். சிவப்பு, வீக்கம், சூடு, நாற்றம் தெரிந்தால் ரிப்போர்ட்டைவிட காலையே நம்புங்கள்.

அல்புமின் குறைவு என்றால் உடனே “முட்டை நிறைய சாப்பிடுங்க” என்பார்கள். உடம்பில் அழற்சி இருந்தாலும், சிறுநீரகம் புரதத்தை ஒழுகவிட்டாலும் அல்புமின் குறையும். சிறுநீரகம் பழுதானவர் தானாகவே புரதத்தைக் கூட்டுவது ஆபத்து. டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இனி, தாளில் இல்லாத விஷயங்கள். காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா? கணுக்கால், கால் விரல் அழுத்தத்தை அளந்தால்தான் தெரியும். உணர்ச்சி இருக்கிறதா? 10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். புண்மேல் இன்னும் உடல் எடை விழுகிறதா? பாதத்தின் அடியில் புண் உள்ளவர் அதே சிலிப்பரோடு சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டிருந்தால் விலை உயர்ந்த மருந்தும் வீண்.

என் கணிப்பில், எந்த ரத்த எண்ணையும்விட ஒரு ரூலர் அதிகம் சொல்லும். சிகிச்சை தொடங்கி 4 வாரத்தில் புண்ணின் பரப்பு ஏறக்குறைய பாதியாகக் குறையாவிட்டால், சிகிச்சையை மறுபடி பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆகவே வாரம் ஒருமுறை, ரூலரைப் புண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். அடுத்த அப்பாயின்ட்மென்டில் ரிப்போர்ட்டோடு அதையும் காட்டி, “ரத்த ஓட்டம் பார்த்தாச்சா டாக்டர்?” என்று கேளுங்கள்.

விரல் கறுத்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ அந்த அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்க வேண்டாம். பக்கத்திலேயே சுங்கை பக்காப் மருத்துவமனை இருக்கிறது. அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.