கூரையைப் பிரிக்குமுன்

கப்பர்நாகும் ஊரில் முடக்குவாதமுற்ற ஒருவரை நால்வர் சுமந்து வந்து, கூட்ட நெரிசலால் வாசல் வழியே நுழைய இயலாமல், கூரையைப் பிரித்து ஆண்டவர் முன்னிலையில் இறக்கிய நிகழ்ச்சியை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். அக்கூரையைத் தோண்டித் திறந்ததாக மாற்கு எழுதுகிறார்; மண்கூரை என்று கொள்ளலாம். லூக்காவோ ஓடுகளைக் குறிப்பிடுகிறார். குருமடத்தில் இவ்வேறுபாட்டைக் குறித்து நாங்கள் நெடுநேரம் வாதிட்டதுண்டு. பிரித்த கூரையை மறுநாள் யார் வேய்ந்தார், அதற்கு யார் பணம் கொடுத்தார் என்று மட்டும் எங்களுள் ஒருவரும் கேட்டதில்லை. இருபத்தைந்து ஆண்டுப் பங்குப்பணிக்குப் பின் இன்று அக்கேள்விதான் எனக்கு முதலில் தோன்றுகிறது. அதற்குக் காரணம் உண்டு.

குமரி மாவட்டத்தில் நான் பணியாற்றிய பங்கொன்றில் கைம்பெண் ஒருவரின் வீடு இருந்தது. முப்பதடி நீளம், இருபதடி அகலம். மாமனார் காலத்தில் பனைக் கைமரங்களின்மேல் மங்களூர் ஓடு வேய்ந்தது. மூன்றிடங்களில் ஒழுகியது. விடுமுறையில் வந்த மகன், ஓட்டை அகற்றி வண்ணத் தகடு போட்டுவிடலாம் என்றான். ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து, சதுர அடிக்கு இவ்வளவு என்றார். வீடு 600 சதுர அடிதானே என்று மகன் பெருக்கிப் பார்த்தான்; கையிருப்புக்குள் அடங்கியது. ஞாயிறு திருப்பலிக்குப் பின் அத்தாய் என்னிடம் கருத்துக் கேட்டார். “நல்லது அம்மா, செய்யுங்கள்” என்று கூறிவிட்டு நான் ஞானஸ்நானப் பதிவேட்டில் கையொப்பமிடச் சென்றுவிட்டேன்.

அன்பர்களே, தரையின் அளவு வேறு, கூரையின் அளவு வேறு. இதை அன்று நான் அறிந்திருக்கவில்லை. சுவருக்கு வெளியே நாற்புறமும் இரண்டடி இறவாரம் நீண்டால், முப்பதுக்கு இருபது என்பது முப்பத்துநான்குக்கு இருபத்துநான்கு ஆகிவிடும். அதாவது 816 சதுர அடி. கூரை சரிந்து நிற்பதால் பரப்பு இன்னும் கூடும். முப்பது பாகைச் சரிவுக்கு அது 942 சதுர அடியாகும். ஒரு லட்சம் என்று நினைத்த செலவு 1,57,000 ஆகிவிட்டது. ஒப்பந்தக்காரர் பொய் சொல்லவில்லை. கூரையை அளந்தே கணக்கிடுவேன் என்று அவர் முதலிலேயே கூறியிருக்கலாம்; கூறவில்லை, அவ்வளவே. இதன்மேல் தகட்டுக்கு 18 விழுக்காடு வரி உண்டு. தகடு ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பொருந்துவதால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அங்குல அகலம் போய்விடும். இரும்புச் சட்டம், முகட்டுத் தகடு, பழைய ஓட்டை இறக்கும் கூலி ஆகியவை தனி.

ஓடெல்லாம் இறங்கிய பின்னரே இக்கணக்கு வெளிப்பட்டது. மகன் அதற்குள் வெளிநாடு திரும்பியிருந்தான். முன்பணம் சட்டத்திற்கே சரியாகப் போயிற்று என்று கூறி வேலையாட்கள் நின்றுவிட்டனர். மீதிக்காக அத்தாய், நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டியில் 50,000 ரூபாய் வாங்கினார். மாதம் 2,500, ஓராண்டில் வட்டி மட்டும் 30,000. அப்பணமும் போதவில்லை. ஐப்பசி மழை தொடங்கியது. தார்ப்பாயின் கீழே இரண்டு பெண்மக்களுடன் இருந்த அவரைக் காணச் சென்றேன். என்னைக் கண்டதும் எழுந்து நின்று, “சாமி, நீங்கள் சரி என்றீர்கள் என்றுதானே ஓட்டைப் பிரித்தோம்?” என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவே அவர்களை மறைக்கல்வி அறையில் தங்க வைத்தோம். மறுநாள் அன்பியத்தைச் சேர்ந்த முதிய தச்சர் ஒருவரை அழைத்துச் சென்றேன். அவர் கைமரங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். நுனி இற்றவை ஐந்து மட்டுமே. ஏனையவை இரும்பு போல் ஒலித்தன. கெட்டுப்போனவை குறுக்கே அடித்த சட்டங்கள். அவை தொய்ந்ததால் ஓடுகள் விலகி ஒழுகியிருக்கின்றன. “ஓட்டில் குற்றமில்லை சாமி” என்றார். கொல்லையில் அடுக்கியிருந்த ஓடுகளில் பெரும்பாலானவை முழுமையாகவே இருந்தன. வாங்க ஆள் வராததே நமக்கு வாய்ப்பாயிற்று!

இவ்வோட்டின் வரலாறும் சுவையானது. பேசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பவர் 1865-இல் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையே இதற்கு மூலம். நமது பிரிந்த சகோதரரின் கைத்திறன் எத்தனையோ கத்தோலிக்கக் கோயில்களையும் நனையாமல் காத்திருக்கிறது. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ பதினைந்து ஓடுகள் பிடிக்கும். மேற்சொன்ன வீட்டுக்குச் சுமார் 1,300. எடை மூன்று டன்னுக்கும் மேல். ஈரம் உறிஞ்சினால் இன்னும் கூடும். ஆகவே கைமரம் நலிந்த வீட்டில் ஓட்டையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் கூறமாட்டேன். தகடும் நல்லதே. ஆனால் அதன் கனத்தைக் கேட்டு வாங்குங்கள். அரை மில்லிமீட்டருக்கும் அதற்குக் குறைந்ததற்கும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, விலையில் தெரியும். திருகாணியின் கீழுள்ள சிறு ரப்பர் வாஷரை யாரும் நினைப்பதில்லை. வெயிலில் அது காய்ந்து வெடித்ததும் அத்தனை துளையும் ஒழுகத் தொடங்கும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது தகடுகள் பறந்ததை எங்கள் மக்கள் கண்டனர். கடலிலிருந்து திரும்பாதவர்களை எண்ணுகையில் அதைப் பேசவே கூச்சமாக இருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் தகடு பற்றியும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் மாண்டனர். அதன்பின் கீற்றுக் கூரைகளையெல்லாம் அவசரமாக அகற்றினோம். நான் இருந்த பள்ளியில் மலிவு என்று ஆஸ்பெஸ்டாஸ் போட்டேன். அதைப் பாராட்டவும் செய்தார்கள். நண்பகலில் அவ்வகுப்பறையில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் நானே அகற்றியிருப்பேன். அதன் நுண்ணிழைத் தூசி நெஞ்சுக்குள் சென்றால் புற்றுநோய் பல பத்தாண்டுகள் கழித்தும் தோன்றக்கூடும் என்பதையும் பின்னரே படித்தேன். உங்கள் வீட்டில் அது இருந்தால் சுத்தியலால் உடைத்து இறக்க விடாதீர்கள். அறுக்கவும் துளையிடவும் கூடாது. நீர் தெளித்து நனைத்து, ஆணியைக் கழற்றி, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள். இறக்குகிறவருக்குத் துணியன்று, தகுந்த முகக்கவசம் வேண்டும். உடைந்த துண்டை நடைபாதையில் பரப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே குழந்தைகள் விளையாடுவார்கள். கூலி சற்றுக் கூடும்தான். அக்கூடுதலையும் மதிப்பீட்டிலேயே எழுதிக் கேளுங்கள்.

அவ்வீட்டுக்கு வருவோம். புதிய சட்டங்கள் அடித்து, ஐந்து கைமரங்களை மாற்றி, பழைய ஓட்டையே மீண்டும் வேய்ந்தோம். தச்சர் பாதிக் கூலியே பெற்றார். வின்சென்ட் தே பவுல் சபையார் வட்டிக் கடனின் முதலை அடைத்து, அதை வட்டியில்லாத் தவணையாக மாற்றினர். முன்பணம் திரும்பவில்லை. அச்சட்டம் துருவேறிக் கொல்லையில் கிடக்கிறது. வெற்றிலைக் கொடி படர விட்டிருக்கிறார்கள். தவணை இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது. வேறு பங்குக்கு மாறி வந்த பின்னும் அத்தாய் அவ்வப்போது தொலைபேசியில் அழைக்கிறார். சமையற்கட்டு மூலையில் ஒரு சொட்டு விழுகிறதாம். முகட்டோடு ஒன்று விரிந்திருக்கும் போலும். கோயில் ஏணியை அனுப்பிவைக்கும்படி அங்குள்ள உபதேசியாருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.