போன வருஷ பட்டியல் யார் கையில்?

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே சிவகாசி, சாத்தூர் பக்கம் சில வீடுகளில் 'ஆபீஸ்' தொடங்கிவிடும். சமையல் மேடையில் ஒரு போன், பக்கத்தில் ஒரு நோட்டு. வாட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, பெயர், ஊர் குறித்துக்கொள்வது எல்லாம் வீட்டிலிருந்தேதான். (பட்டாசை ஆன்லைனில் விற்க உச்ச நீதிமன்றம் 2018-லேயே தடை விதித்துவிட்டது. அதனால்தான் பல கடைகளின் இணையதளத்தில் 'வாங்க' என்று இல்லாமல் 'விசாரிக்க' என்று பட்டன் இருக்கிறது!)

மோசடிக்காரர்களுக்கும் இதே சீசன்தான். போலி இணையதளம் போட்டு, பணம் வந்ததும் போனை அணைத்துவிடுவார்கள். தமிழ்நாடு சைபர் க்ரைம் போலீஸ் 2024 தீபாவளிக்கு முன்பே இதை எச்சரித்தது. நிஜக் கடைகளே 80 சதவீதம் தள்ளுபடி போடுகிற ஊரில், தள்ளுபடியைப் பார்த்துப் போலியைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதைவிடச் சிக்கல், ஆர்டர் எடுப்பவரின் போனில் கிடக்கும் பழைய பட்டியல். "அண்ணாச்சி, போன வருஷம் நம்மகிட்டதான எடுத்தீங்க, அதையே போட்டுருவமா?" என்று ஒரு குரல் கேட்டால் யாருக்குச் சந்தேகம் வரும்? அந்த விவரம் வெளியே போக ஹேக்கிங் எல்லாம் வேண்டாம். பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்துவிட்டு, லாக் அவுட் செய்யாமல் வந்தாலே போதும். அடுத்து உட்காருபவர் சாட் முழுவதையும் படிக்கலாம். போனில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்தால் கணக்கு எங்கெங்கே திறந்திருக்கிறது என்று தெரியும். சம்பந்தமில்லாதது இருந்தால் அங்கிருந்தே வெளியேற்றிவிடலாம்.

இன்னொரு வழி, கல்யாணப் பத்திரிகை. 'ஏபிகே' என்று முடியும் ஃபைலாக வரும். இன்ஸ்டால் செய்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்தால் ஓடிபி உட்பட எஸ்எம்எஸ் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். அச்சடித்தே பிழைக்கும் ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

சீசனுக்கு ஆள் வைக்கும் கடைகள், அவர்களின் சொந்த எண்ணில் ஆர்டர் எடுக்கச் சொல்லாமல், தனி சிம் போட்ட ஒரு போனைக் கொடுப்பது நல்லது. தீபாவளி முடிந்ததும் போனோடு பட்டியலும் கடைக்கே திரும்பிவிடும். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், போன் யாருடையதாக இருந்தாலும், வாடிக்கையாளர் விவரத்துக்குக் கடையைத்தான் பொறுப்பாக்குகிறது.

பணமே போய்விட்டால் உடனே 1930-க்கு அழைக்க வேண்டும். அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் சொன்னால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டுவார்களே என்று ராத்திரி வரை மறைத்தால், அந்த நேரம் போய்விடும்.