ரெண்டு பாட்டில் ஏத்துங்க!

அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி மகன் போன வாரம் அவன் அம்மாவுக்கு ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். சாய்வு நாற்காலியில் ஒரு அம்மாள் படுத்திருக்கிறார். கையில் டிரிப் ஏறுகிறது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த சி.பி.டி. என்ற சரக்காம். வலி போகும், தூக்கம் வரும், மனசு லேசாகும் என்கிறார்கள். தம்பி மனைவிக்கு மூட்டுவலி. "அத்தான், இது மதுரையில போடுறாங்களா?" என்று போனில் கேட்டாள்.

முப்பத்தோரு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் என்பதால் சோழபுரத்தில் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடம்தான் வரும்.

கஞ்சா என்றதும் பதற வேண்டியதில்லை. சி.பி.டி. போதை தராது, போதை தருவது அதே செடியில் இருக்கும் டி.எச்.சி. என்ற வேறொரு பொருள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான சில வலிப்பு நோய்களுக்கு எபிடியோலெக்ஸ் என்ற சி.பி.டி. மருந்தை அமெரிக்க அரசு 2018-ல் அனுமதித்தது. ஆனால் அது வாயால் குடிக்கிற மருந்து. அதற்கே கல்லீரலைச் சோதித்துப் பார்த்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு அந்த மருந்தின் வேகத்தை இது கூட்டிவிடும். நரம்பில் ஏற்றுவதற்கென்று அனுமதி பெற்ற சி.பி.டி. மருந்து அந்த ஊரிலேயே கிடையாது. அது எண்ணெய்ச் சரக்கு, தண்ணீரில் கரையாது. வாயால் சாப்பிட்டால் குடலும் கல்லீரலும் இரண்டு காவல்காரர்களாக நிற்கும். நேராக ரத்தத்தில் விட்டால் தடுக்க யார் இருக்கிறார்கள்?

அமெரிக்காக்காரனைச் சொல்லி என்ன பயன்? உடம்பு அசந்தால் பாட்டில் ஏற்ற வேண்டும் என்ற ஆசை நம்மூரில் என்றோ வந்துவிட்டது. மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டர் சுமார். "ரெண்டு பாட்டில் ஏத்துங்க" என்றால் ஏற்றுகிறவர் கைராசிக்காரர். அரை லிட்டர் குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. இரண்டு இட்லியும் ஒரு கரண்டி சாம்பாரும் அதைவிடத் தெம்பு. அரை லிட்டர் சலைனில் நாலரை கிராம் உப்பு. ஒரு நாளைக்கே ஐந்து கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிரஷருக்காக ஊறுகாயைத் தள்ளி வைப்பவர்கள், ஒரு மணி நேரத்தில் அந்த உப்பைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்கிறோம்.

இதை எழுத எனக்கே யோக்கியதை இருக்கிறதா தெரியவில்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் என் மச்சான், அறுபத்தெட்டு வயது, "ரொம்ப அசதியா இருக்கு மாப்ளே" என்றார். ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். ஒரே சாயங்காலத்தில் இரண்டு பாட்டில். பக்கத்தில் உட்கார்ந்து, "ஏத்திக்கங்க மச்சான், தெம்பா இருக்கும்" என்று சொன்னவன் நான்தான். ராத்திரி ஒரு மணிக்கு அவரால் படுக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறினார். கார் பிடித்து மதுரைக்குப் போய்ச் சேர்வதற்குள் உதடு நீலமாகிவிட்டது. நுரையீரலில் நீர். இதயம் ஏற்கெனவே பலவீனமாக இருந்திருக்கிறது. அசதிக்குக் காரணமே அதுதான். நான்கு நாள் கழித்துப் பிழைத்து வந்தார். என் அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

டிரிப்பே வேண்டாம் என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. வாந்தி நிற்காதபோது, ஆபரேஷனில், டெங்குவில், ரத்த அழுத்தம் விழும்போது அது உயிர் காக்கும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவி, சலைன் தீர்ந்துபோனபோது திலீப் மகலநபிஸ் என்ற டாக்டர் உப்பையும் குளுக்கோஸையும் தண்ணீரில் கரைத்து வாயால் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் இறந்துகொண்டிருந்த முகாமில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அந்தப் பொட்டலம்தான் இன்று ஓ.ஆர்.எஸ். என்று எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கிறது. மலிவு என்பதால் நமக்கு அதில் மரியாதை இல்லை.

டாக்டர்களையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஏற்றாவிட்டால் அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விடுகிறோமே! அசதி என்று போனால், "எதனால் அசதி, ரத்தம் குறைவா, சர்க்கரையா, தைராய்டா, இதயமா?" என்று நாம்தான் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் தம்பி மனைவியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். மூட்டுக்கு எக்ஸ்ரே எடுக்கவும் சம்மதித்தாள். போனை வைக்கும்போது, "சரி அத்தான், அப்ப சாதா குளுக்கோஸ் ஒண்ணு மட்டுமாவது போட்டுக்கட்டுமா?" என்றாள்.