அறிக்கை வரும்வரை காய்ச்சல் காத்திருக்குமா?

மாலையில் கடற்கரையில் உலாவும் எங்கள் கூட்டத்தில், மருந்துக்கடை நடத்தி ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் உண்டு. மலேரியா மாத்திரை அசலா போலியா என்று நாலு சொட்டு ரசாயனம் விட்டுப் பார்க்கும் முறைகளைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டு சார். பெரிய லேபில் மெஷினில் போட்டுப் பார்த்தால்தான் ரிசல்ட்" என்றார். அன்று பேசாமல் வந்துவிட்டேன். மனசு கேட்கவில்லை.

விளையாட்டுதான், ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அதை முதலில் காட்டியவர் பிரஞ்சுப் பள்ளியில் எங்கள் ரசாயன வாத்தியார். கொயினாத் தூளைத் தண்ணீரில் போட்டு, ஒரு சொட்டு கந்தக அமிலம் விட்டு, ஜன்னல் வெயிலில் பிடித்தார். தண்ணீர் நீலமாக ஒளிர்ந்தது. 1820-ல் பெல்தியே, கவாந்தூ என்ற இரண்டு பிரஞ்சுக்காரர்கள் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தெடுத்ததாகச் சொன்னார். மற்ற பாடமெல்லாம் மறந்துபோயிற்று, அந்த நீலம் மறக்கவில்லை.

சைகோனில் உத்தியோகம் பார்த்த என் பெரியப்பா அந்தக் கொயினாவை நம்பித்தான் பிழைத்து வந்தார். அந்தப் பக்கத்து நாடுகளில்தான் பிற்பாடு பெரிய அக்கிரமம் நடந்தது. கம்போடியா, லாவோஸ், மியான்மார், தாய்லாந்து, வியட்நாம் கடைகளில் வாங்கிய 104 ஆர்ட்டிசுனேட் மாதிரிகளில் 38 சதவீதத்தில் அந்த மருந்தே இல்லை என்று 2001-ல் லான்செட் இதழில் வந்தது. பெட்டியிலிருந்த ஹோலோகிராம் வில்லையையும் போலியாக அச்சடித்தார்கள். சில போலிகளில் பாராசிட்டமால் இருந்தது. காய்ச்சல் இறங்கும், வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள், கிருமி மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

இதைப் பிடிக்க அமெரிக்காவில் அட்லாண்டா நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் ஒரு முறை கண்டார்கள். மாத்திரையை லேசாகச் சுரண்டிய தூள் போதும். காரத்தில் கரைத்து, அமிலம் சேர்த்து, 'ஃபாஸ்ட் ரெட்' என்ற சாயத்தை விட்டால், ஆர்ட்டிசுனேட் இருந்தால் மஞ்சளாகும். இல்லாவிட்டால் ஆகாது. மின்சாரம் வேண்டாம்.

நண்பர் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. மோசடிக்காரன் கொஞ்சம் அசல் மருந்தைக் கலந்துவிட்டால்? கலந்தார்கள். 50 மில்லிகிராம் இருக்கவேண்டிய மாத்திரையில் 10 மட்டும் போட்டதும் உண்டு. ஆனால் பக்கத்தில் நல்ல மாத்திரையின் கரைசலையும் வைத்துப் பாருங்கள், வெளிறிய மஞ்சள் காட்டிக்கொடுத்துவிடும். துல்லியமான அளவு வேண்டுமா, அப்போது மெஷினுக்கு அனுப்புங்கள். யார் வேண்டாமென்றது?

நான் ஒரு மருந்துக் கிடங்கில் கோப்பு தள்ளியவன். மாதிரி எடுத்து, அரக்கு முத்திரை வைத்து அனுப்புவோம். "தரமற்றது" என்று அறிக்கை வந்த ஒரு முறை, சரக்குப் பதிவேட்டைப் புரட்டினால் இருப்பு பூஜ்யம். அத்தனையும் ஜனங்கள் வயிற்றுக்குள் போயாகிவிட்டது. அறிக்கையில் ஒரு குறையும் இல்லை; கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக இருந்தது. அதை நானே கோப்பில் வைத்துக் கட்டினேன்.

அந்தக் கிடங்கு வாசலில் ஒரு மேஜை, நாலு சோதனைக் குழாய், பயிற்சி பெற்ற ஓர் ஆள் இருந்திருந்தால், சந்தேகப்பட்ட பெட்டியை அன்றே ஓரமாக வைத்திருக்கலாமே. இதற்கு மெஷின் கட்சிக்காரர்கள் பதில் சொல்லட்டும். நண்பர் நாளை மாலை வருகிறாராம், பதிலோடு.