கரையான் வந்த பிறகா?

"வராத கரையானுக்காக அஸ்திவாரத்திலேயே பணத்தைக் கொட்டுவானேன், வந்தபின் மருந்தடித்தால் போயிற்று" என்று விருதுநகரில் வீடு கட்டும் நண்பர் ஒருவர் வாதிக்கிறார். அதைச் சிக்கனமென்று ஒப்புக்கொள்ள என்னால் இயலவில்லை.

தளம் போடுமுன், மண் திறந்து கிடக்கையில், இந்தியத் தர விதி ஐ.எஸ். 6313 சொல்லுகிறபடி அஸ்திவாரச் சுவரின் பக்கங்களில் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டரும், தளத்தடி மண்ணில் 5 லிட்டரும் மருந்துக் கரைசலை ஊற்றினால், இடைவெளியற்ற வேலியாக அது படிந்துவிடுகிறது. குடியேறிய பின்போ, அதே மண்ணை எட்டுவதற்குச் சுவரோரம் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தரையைத் துளைத்தாக வேண்டும், அப்போதும் துளைகளுக்கு நடுவே மருந்து எட்டாத மண் எவ்வளவென்று எவரும் காண்பதற்கில்லை.

கரையான் கண்ணில் படும் தினம் அது வந்த தினமுமன்று. சிவகாசியில் ஓர் அச்சகக் கிடங்கில் காலண்டர்த் தாள்கட்டு ஒன்றைத் தூக்கினேன். மேல்தாளின் வர்ணம் சற்றும் மங்கவில்லை, அடியிலோ செல்லரித்த தூளும் ஈரமண்ணுமே கையோடு வந்தன. சுவரில் பென்சில் கனத்துக்கு ஒரு மண்குழாய், அவ்வளவே.

வறண்ட பூமியாயிற்றே என்பது அவரது சமாதானம். ஈரத்தை ஆழத்திலிருந்தே கொண்டுவரும் ஜந்து அது. நம் கரிசலோ மழைக்கு உப்பி, வெயிலுக்குச் சுருங்கி, தளத்தில் அதற்கு வேண்டிய மயிரிழை விரிசலைத் தானே திறந்து வைக்கிறது.