வாசலோரக் கூண்டுகள்

சித்தூர் – திருப்பதி சாலையில் உள்ள புத்தலப்பட்டு போன்ற ஊர்களில் நம்மவர் குடியிருக்கும் வாடகை வீடுகள் பல, ஒரே வாசல் கொண்டவை. காற்றோட்டத்துக்காக 'லவ் பேர்ட்ஸ்' கூண்டும் அந்த வாசலோரத்தில்தான் தொங்கும். காலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தினை போடக் கூண்டைத் திறக்கிறார்கள். தெருக் கதவும் திறந்தே கிடக்கிறது. பறவை போய்விட்டால் திட்டு வாங்குவது என்னவோ வீட்டுப் பிள்ளைதான்.

"போகட்டும், சுதந்திரமாக வாழட்டும்" என்று ஆறுதல் சொல்பவர்கள் உண்டு. அது பொய்யான ஆறுதல். இந்தப் பறவைகளின் பூர்வீகம் ஆஸ்திரேலியா. இங்கே விற்கப்படுபவை தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பொரித்தவை. வெளியில் இரை தேடிப் பழக்கமில்லை. புறாவைப் போல வீடு திரும்பவும் தெரியாது. காக்கைக்கோ வல்லூறுக்கோ இரையாகும். தப்பினால் சித்திரை வெயிலில் தண்ணீரின்றிச் சாகும்.

இதைத் தடுக்கப் பெரிய செலவில்லை. மேலே தூக்கித் திறக்கும் தீனிக் கதவை இவை அலகாலேயே தூக்கிவிடும். துணி காயப்போடும் கிளிப் ஒன்றை மாட்டினால் போதும். கூண்டு கழுவும் வேலையை இரவில், எல்லோரும் வீடு திரும்பிக் கதவைத் தாழிட்ட பிறகு வைத்துக்கொள்ளலாம். அப்போது மின்விசிறியை நிறுத்த மறக்கக் கூடாது.

சிறகை வெட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள், இறகு மறுபடி முளைக்கும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கிளி ஜோசியரின் கிளி சீட்டெடுத்துவிட்டுத் தானே கூண்டுக்குள் போகிறதே என்றால், அது வெட்டிய சிறகும் பழக்கிய பழக்கமும்.

பச்சைக்கிளி விஷயம் வேறு. தமிழில் கிளி என்றாலும் தெலுங்கில் சிலுக என்றாலும், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைப் பிடித்து வளர்ப்பது குற்றம். ஆகவே அதன் கூண்டைப் பலப்படுத்த யோசனை சொல்வதற்கில்லை. வாங்கவே கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் தாமாகத் திறந்துவிடாமல் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. நெடுநாள் அடைபட்ட கிளிக்குப் பறக்கும் பலம் இருக்காது.

லவ் பேர்ட்ஸ் தப்பிவிட்டால் கல்லெறிந்தோ துரத்தியோ பயனில்லை. இன்னும் தூரம்தான் போகும். ஜோடிப் பறவையைக் கூண்டோடு மொட்டை மாடி நிழலில் வைத்து, பக்கத்தில் தினையும் தண்ணீரும் வைக்கலாம். ஜோடியின் குரல் கேட்டு இறங்கி வரக்கூடும். பொழுது சாய்வதற்குள் இதைச் செய்ய வேண்டும்.