தோட்டாவும் அரிசி மூட்டையும்



சந்தாபுராவில் குடியிருக்கும் நம் உறுப்பினர் ஒருவர் இப்பகுதிக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அவர்தம் மகன் அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் பணிபுரிகிறார். 2020ஆம் ஆண்டில் அங்குள்ள கடைகளில் துப்பாக்கித் தோட்டா அடுக்கும் தட்டுகள் மாதக்கணக்கில் வெறுமையாய்க் கிடந்தனவாம். "வீட்டில் ஆயிரம் தோட்டா வைத்திருப்பவரும் விடியுமுன் சென்று வரிசையில் நின்று இன்னும் ஒரு பெட்டி வாங்குகிறாராமே! அத்தனைக்கும் பகைவர் எங்கே இருக்கிறார்கள்? தட்டுப்பாடு வந்தால் குறைத்தல்லவா வாங்க வேண்டும்?" என்று கேட்கிறார் பெரியவர்.

நம்மில் பெரும்பாலோர் தோட்டாவைக் கையால் தொட்டும் அறியோம். ஆயினும் இவ்வினா நம் அடுக்களை வரைக்கும் வருவது. ஆதலின் சற்று விரிவாகவே பார்ப்போம்.

அமெரிக்க நாட்டில் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை 1791ஆம் ஆண்டிலேயே அரசியலமைப்பில் இடம்பெற்றுவிட்டது. பெரும்பாலான மாநிலங்களில் தோட்டா வாங்குவது மளிகை வாங்குவது போன்றதே. 2012 டிசம்பரில் கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் என்னும் ஊரில், ஒரு பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாடே துடித்தது. சட்டத்தைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. குரல் எழுந்ததும் ஆயுதக் கடைகளில் கூட்டமும் எழுந்தது. 2013 ஏப்ரலில் செனட் சபை முன் வந்த முதன்மையான திருத்தம் துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியை ஆராய்வது பற்றியது. அதுவும் தோற்றுப் போயிற்று. ஆனால் ".22" எனப்படும் சிறு தோட்டா, குறிபார்த்துச் சுடப் பழகுவோரும் முயல் வேட்டைக்குச் செல்வோரும் பயன்படுத்தும் மிக மலிவான தோட்டா, அதன் பின்னும் நெடுநாள் கடைகளில் அகப்படவில்லை. அதனைத் தடைசெய்வதாக அத்திருத்தத்தில் ஒரு சொல்லும் இல்லை!

இது பித்து என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. வாங்குபவரின் இடத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். தோட்டா ஈரம் படாமல் வைத்தால் பல்லாண்டுகள் கெடாது. இன்று வாங்கியது வீணாகும் என்ற கவலை இல்லை. நாளை கிடைக்குமா என்பது ஐயம். கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும் என்பது உறுதி. பக்கத்து வீட்டுக்காரர் நேற்று இரண்டு பெட்டி வாங்கிச் சென்றதைக் கண்ணால் கண்டாயிற்று. இந்நிலையில் வாங்காமல் திரும்புபவரே ஏமாளி என்று தோன்றாதோ? "ஒருவருக்கு மூன்று பெட்டி மட்டுமே" என்று கடைக்காரர் பலகை மாட்டினார். ஒரு பெட்டி போதும் என்று வந்தவர் அப்பலகையைக் கண்டதும் மூன்றாக வாங்கினார். அளவு குறித்ததே அச்சத்திற்குச் சான்றாகி விட்டது.

ஆலைகள் ஏன் மிகுதியாகச் செய்யவில்லை என்று கேட்கலாம். இருக்கும் இயந்திரங்களை இரவுபகலாக ஓட்டினார்கள். புதிய இயந்திரம் நிறுவத்தான் தயங்கினார்கள். இந்தத் தாகம் பொய்த் தாகம், வீடுகளின் அலமாரி நிரம்பியதும் வாங்குவோர் மறைவர் என்பது அவர்களுக்குத் தெரியும். அவ்வாறே நடந்தது. 2016 நவம்பர்த் தேர்தலுக்குப் பின், புதிய கட்டுப்பாடு வராது என்ற நம்பிக்கை பிறந்ததும் விற்பனை சரிந்தது. இருநூறாண்டுப் பழமை வாய்ந்த ரெமிங்டன் நிறுவனம் 2018 மார்ச்சில் திவால் மனுக் கொடுத்தது. 2020 ஜூலையில் மீண்டும் கொடுத்தது. நாடெங்கும் தோட்டாவுக்கு அலைந்த அதே ஆண்டில், ஆர்க்கன்ஸா மாநிலத்திலிருந்த அதன் தோட்டா ஆலை ஏலத்தில் கைமாறியது. இதைவிட வேடிக்கை வேறுண்டோ? அச்சம் இருந்தவரை பண்டம் இல்லை. அச்சம் நீங்கியபோது வாங்குவோர் இல்லை.

நம் நாட்டில் இக்காட்சிக்கு இடமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். ஒருவர் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்திலேயே எழுதப்படும். குடகு நாட்டவருக்கு உரிமம் வேண்டாம் என்ற பழைய விலக்கு இன்றும் உண்டு. ஆயினும் அது அவர்தம் மரபை மதித்து அளித்த தனிச் சலுகை.

தோட்டாவுக்கு இடமில்லையே அன்றி, அந்த மனத்திற்கு நம்மிடமும் இடம் உண்டு. 2023 ஜூலை 20ஆம் நாள் இந்திய அரசு, பாசுமதி அல்லாத பச்சரிசியை ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. செய்தி பரவிய ஓரிரு நாளில் அமெரிக்காவிலுள்ள இந்திய மளிகைக் கடைகளில் நம்மவர் திரண்டனர். ஒருவர் பின் ஒருவராக மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றினர். நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு எட்டு மூட்டை! "குடும்பத்திற்கு ஒரு மூட்டை" என்று கடைக்காரர்கள் பலகை மாட்ட வேண்டியதாயிற்று. அந்த நாட்டிற்கு முன்பே வந்து இறங்கிய அரிசி கிடங்குகளில் இருந்தது. இட்லிக்கு உகந்த புழுங்கல் அரிசியைத் தடை தொடவே இல்லை. அதற்கு ஆகஸ்டு மாதக் கடைசியில் நூற்றுக்கு 20 வீதம் ஏற்றுமதி வரி விதித்ததோடு சரி. ஆயினும் அச்சம் அரிசியின் வகையைப் பார்ப்பதில்லை. 2024 செப்டம்பரில் அத்தடை நீங்கியது. பெரியவர் தம் மகனிடம் தோட்டாவைப் பற்றிக் கேட்டதோடு, அந்த ஜூலை மாதத்தில் அவர் வீட்டில் எத்தனை மூட்டை இருந்தது என்றும் கேட்டிருக்கலாம்!

இனி நம் ஊருக்கு வருவோம். ஓசூர்ச் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியையும் பொம்மசந்திராவையும் கடந்தால் சந்தாபுரா. தருமபுரி, கிருட்டிணகிரி, சேலம், திருவண்ணாமலைப் பக்கங்களிலிருந்து வந்து இங்கே வாடகை வீட்டில் வாழ்வோர் பலர். ஒரு சாரார் மாதச் சம்பளக்காரர். மற்றொரு சாரார் பொம்மசந்திரா, சிகனி, அத்திப்பள்ளி ஆலைகளிலும் கட்டட வேலையிலும் வாரக்கூலி பெறுவோர். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று பிரதமர் அறிவித்தார். கையில் பணம் இருந்தவர் அன்றிரவே கடைக்கு ஓடினார். மூன்று மாதத்துப் பருப்பையும் எண்ணெயையும் வாங்கினார். அவரைக் குறைகூறி என்ன பயன்? கைக்குழந்தை உள்ள வீட்டில் பால்மாவுக்கு அஞ்சாத தாய் உண்டோ? ஆனால் சனிக்கிழமை கூலி வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்து அரிசி வாங்கும் குடும்பம் அன்று செவ்வாய்க்கிழமையில் இருந்தது. கையில் காசில்லை. காசு வந்தபோது கடையில் பருப்பில்லை, அல்லது பழைய விலையில் இல்லை.

பதுக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் கிடங்கு வணிகரையே நாம் நினைக்கிறோம். ஆயிரம் வீடுகள் ஐந்தைந்து கிலோ மிகுதியாக வாங்கினாலும் விளைவு அதுவே. ஒவ்வொரு வீட்டிற்கும் தன் செயல் முன்யோசனையாகத் தோன்றும். அந்த முன்யோசனையின் விலையை நாட்கூலிக்காரர் கொடுக்கிறார். நான் வற்புறுத்த விரும்புவது இதனையே.

புலம்பெயர்ந்தோர்க்கு அஞ்சுவதற்குத் தனிக் காரணங்களும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. 2016 செப்டம்பர் 12ஆம் நாள் காவிரிக் கலவரத்தில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிந்தன. அத்திப்பள்ளியில் எல்லை அடைபட்டது. மூட்டை முடிச்சுகளோடு மக்கள் ஓசூர்ப் பக்கம் நடந்து சென்றனர். அந்நாளை நினைவில் வைத்திருக்கும் இல்லத்தரசி, அண்டை வீட்டாரிலும் ஒரு மூட்டை மிகுதியாக வைத்துக்கொண்டால் அதனைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன். உற்றார் உறவினர் நூறு கல் தொலைவில் இருக்க, கைமாற்றாக ஒரு படி அரிசி கேட்க ஆளில்லாத ஊரில் மூட்டைதான் உறவு.

அப்படியானால் இந்த அச்சம் எதனால் தீரும்? வசைமொழியால் தீராது. தண்டனையால் ஓரளவே தீரும். 1955ஆம் ஆண்டு இன்றியமையாப் பண்டங்கள் சட்டம் வணிகரைக் கட்டும், சமையலறையை எட்டாது. நம் மாநிலத்து வரலாற்றிலேயே ஒரு சான்று இருக்கிறது. போர்க்காலத்தில் தொடங்கிய அரிசிக் கட்டுப்பாடு சென்னை மாநிலத்தில் பத்தாண்டு நெருங்கியும் நீடித்தது. ஒரு மாவட்டத்திலிருந்து மறு மாவட்டத்திற்கு நெல் கொண்டுபோகத் தடை. ரேஷன் கடையில் வரிசை. ஊர்களில் ஒளித்துவைத்த நெல். 1952இல் முதலமைச்சர் பொறுப்பை ஏற்ற இராஜாஜி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அக்கட்டுப்பாட்டை நீக்கினார். விலை மலையேறும், ஏழைகள் மடிவர் என்று எச்சரித்தோர் பலர். நடந்தது வேறு. எங்கும் வாங்கலாம் என்றானதும், ஒளித்து வைப்பதில் பொருளில்லை என்று கண்ட நெல் வெளியே வந்தது. மத்திய உணவமைச்சர் ரஃபி அகமது கித்வாய் துணை நின்றார்.

ஆனால் கட்டுப்பாட்டை எடுத்தால் போதும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. வங்காளத்தில் 1943 மார்ச்சில் அரிசி விலைக் கட்டுப்பாட்டை அரசு கைவிட்டது. அங்கே நெல் வெளிவரவில்லை. விலை தாவி ஏறிற்று. அவ்வாண்டுப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். சென்னையில் கூடிய செயல் கல்கத்தாவில் கூடாமற் போனது ஏன்? சென்னையில் "வேண்டுமானால் இன்னும் வரும்" என்று மக்கள் நம்ப இடமிருந்தது. போரும் பர்மாவின் வீழ்ச்சியும் சூழ்ந்த வங்காளத்தில் அந்நம்பிக்கைக்கு இடமே இல்லை. அடுத்த வண்டி வரும் என்று வெறும் வாயால் சொன்னால் எவரும் நம்பார். வண்டி வரவேண்டும்.

நம் பாட்டிமார் குதிரில் நெல் நிரப்பியதும் சேர்த்துவைப்பதுதானே என்று சிலர் கேட்பர். ஆம். ஆனால் எப்போது நிரப்பினர்? தை மாதம் அறுவடை முடிந்து, களத்தில் நெல் குவிந்து, விலை தாழ்ந்திருக்கும் நாளில். அந்நெல்லை வாங்கியதால் எவருடைய அடுப்பும் அணையவில்லை. ஐப்பசியில் விலை ஏறியபோது அவர்கள் கடைக்கே போகவில்லை, அதனால் கடையிலிருந்தது இல்லாதவர்க்குக் கிடைத்தது. அமெரிக்காவிலும் அமைதியான நாட்களில் மாதம் ஒரு பெட்டி வாங்கி வைத்தவர் 2013இலும் 2020இலும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. ஒரே மூட்டைதான். வாங்கும் நாளைப் பொறுத்து அது சிக்கனமாகவும் ஆகும், பறிப்பாகவும் ஆகும். மாதச் சம்பளம் வாங்கும் நம் வீடுகள், கடை நிறைந்திருக்கும் மாதங்களில் ஒரு மாதத்துப் பண்டத்தை முன்கூட்டிச் சேர்த்துக்கொள்ளலாம். செய்தி பரபரப்பாகும் நாளில் கடைப்பக்கம் போகாதிருக்கலாம்.

வாரக்கூலிக் குடும்பத்தாருக்கு அவ்வாறு சேர்க்க வழியில்லை. அவர்களுக்கு ஒரு செய்தி. "ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை" திட்டத்தில் கருநாடகம் 2020 தொடக்கத்திலும், தமிழ்நாடு அவ்வாண்டு அக்டோபர் 1 முதலும் இணைந்தன. தமிழ்நாட்டில் முன்னுரிமை அட்டையோ அந்தியோதயா அட்டையோ உடையவர், சந்தாபுரா நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்து மத்திய அரசின் தானியப் பங்கைப் பெறலாம். முன்னுரிமையற்ற அட்டைக்கு இது பொருந்தாது. உங்கள் அட்டை எவ்வகை என்று அடுத்தமுறை ஊருக்குச் செல்லும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தட்டுப்பாடு வந்தபின் பார்ப்பதற்கில்லை.

எஞ்சியிருப்பது தண்ணீர். அதனை மூட்டை கட்ட முடியாது. சம்பின் அளவே சேமிப்பின் அளவு. சந்தாபுராவில் ஏரி இருக்கிறது. ஆனால் அதன் மாசினைத் தடுக்கத் தவறியமைக்காக 2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநில அரசுக்கு 500 கோடி ரூபாய் விதித்தது என்றால் அந்நீரின் தகுதியை நீங்களே அறியலாம். 2024 பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் பெங்களூரில் ஆழ்துளைக் கிணறுகள் வறண்டபோது, பெரிய சம்ப் உள்ள அடுக்குமாடிகள் நாளைய டாங்கரையும் இன்றே கேட்டு வாங்கின. மாடியில் ஒற்றை அறையில் இருப்பவர் குடத்தோடு நின்றார். மார்ச்சு 7ஆம் நாள் மாவட்ட நிருவாகம் விலை குறித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய், வரி தனி. ஆண்டிறுதிக்குள் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கப்பட்டது, ஆனால் அது மாநகராட்சியில் 2007இல் சேர்ந்த 110 கிராமங்களுக்கானது. சந்தாபுரா அவற்றுள் ஒன்றன்று.

ஆகவே கோடை வருமுன் ஒரு தெருவிலுள்ள இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் கூடிப் பேசிக்கொள்வது நன்று. அந்த விலைப்பட்டியலின்படியே கணக்கிட்டால், இரு வீட்டார் தனித்தனியே 6,000 லிட்டர் வாங்கினால் 1,200 ரூபாய். ஒரே வண்டியாக 12,000 லிட்டர் வரவழைத்து இரு சம்ப்களிலும் பகிர்ந்தால் 1,000 ரூபாய். மிச்சம் 200. வண்டி நிற்கும்போது, சம்ப் இல்லாத மாடிவீட்டாரின் குடங்களையும் முன்னே நிரப்பிவிடலாம்.